கிராஞ்சியா, பாரிஸா, வாட்டர்லூ ஸ்திரீட்டா? போர்க்கால உளவுப் பணியில் இளம்பெண்கள்

தமிழ்மொழி விழா நெருங்கும் மாதங்களில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வரலாற்றுத் தலைப்பு தேடத் தொடங்குவார்கள். வாசிப்பு வட்டத்தில் அவர்களுக்கு உதவும் என்னைப் போன்றவர்களிடம் அப்போது தவறாமல் ஒரு கேள்வி வரும். இரண்டாம் உலகப் போரில் உளவு வேலை பார்த்த இளம்பெண்களைப் பற்றிப் பேச வேண்டும், யாரை எடுக்கலாம்? மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சுக்குள் ரகசியமாக இறங்கிய நூர் இனாயத் கான். இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் சங்கேதம் உடைத்த பெண்கள். அப்புறம், இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவாக நம் சிங்கப்பூரிலேயே தொடங்கிய ஜான்சி ராணிப் படை.

பெரும்பாலோர் நூரைத்தான் எடுக்கிறார்கள். அடுத்தது ராணிப் படை. பிளெட்ச்லி பார்க் பக்கம் போகிறவர்கள் கணக்கில் ஆர்வமுள்ள ஓரிருவர். இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வேன் நான். அதிலும் சிங்கப்பூர்ப் பிள்ளை என்றால் இங்கிலாந்து வரைகூடப் போக வேண்டாம், ஜப்பானியச் செய்திகளை ஒட்டுக்கேட்ட பெண்கள் இருந்த நம் கிராஞ்சியில் தொடங்கலாம். ஏன் என்று சொல்வதற்கு மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எது விறுவிறுப்பான கதை என்று கேட்டால் நூர் ஜெயித்துவிடுவார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதனால் வேறு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். பதினெட்டு, இருபது வயதில் அந்தப் பெண் சேர்ந்தபோது அவளிடம் எதைச் சொன்னார்கள், எதை மறைத்தார்கள்? அவள் உயிருக்கு என்ன காவல் இருந்தது? அவள் செய்த வேலையால் போரில் எது மாறியது? இன்று அவளைப் பற்றி நாம் சொல்வதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது?

ஹெட்ஃபோனும் பென்சிலும்

பிளெட்ச்லி பார்க் என்பது லண்டனுக்கு வடமேற்கே பக்கிங்காம்ஷயரில் ஒரு மாளிகையும் அதைச் சுற்றி அவசரமாக எழுப்பிய கொட்டகைகளும். போரின் கடைசி ஆண்டில் அங்கும் அதன் கிளைகளிலும் சேர்த்து 9,000 பேர் அளவில் வேலை பார்த்தார்கள். நான்கில் மூன்று பேர் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினர். காலை 8 முதல் மாலை 4 வரை, 4 முதல் நள்ளிரவு வரை, நள்ளிரவு முதல் மறுநாள் காலை 8 வரை என்று மூன்று ஷிப்டுகள்.

வந்து சேர்ந்ததும் அதிகாரபூர்வ ரகசியச் சட்டத்தில் கையெழுத்து. அதற்கு முன் என்ன வேலை என்று சொல்ல மாட்டார்கள். சேர்ந்த பிறகும் தன் மேசைக்கு வருவது மட்டும்தான் தெரியும். பக்கத்துக் கொட்டகையில் என்ன நடக்கிறது என்று கேட்கவே கூடாது. ஆக, என் முதல் கேள்விக்கு இங்கே பதில் சுருக்கம்தான்: அவளிடம் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை.

வேலை எப்படிப்பட்டது? பெரும்பகுதி அலுப்பு. செய்திகளைச் சங்கேதமாக மாற்றும் ஜெர்மானியர்களின் எனிக்மா இயந்திரம் அன்றைக்கு எந்த அமைப்பில் வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடுவதற்கு 'பாம்ப்' என்ற இயந்திரம் இருந்தது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், ஏறத்தாழ ஒரு டன் எடை, முன்பக்கத்தில் 108 சுழல் உருளைகள். இதை இயக்கியவர்கள் ரென்ஸ் எனப்பட்ட கடற்படைப் பெண்கள். முன்னால் உருளைகளை மாட்ட வேண்டும், பின்னால் வடங்களைச் செருக வேண்டும், இயந்திரம் நிற்கும்போதெல்லாம் எழுத்துகளைக் குறித்துக்கொண்டு மறுபடி ஓட்ட வேண்டும். உருளையின் பின்னால் இருக்கும் நுண்கம்பிகளில் ஒன்று வளைந்து இன்னொன்றைத் தொட்டுவிட்டால் அந்த ஓட்டமே வீண். அதனால் சாமணத்தை வைத்துக்கொண்டு கம்பிகளைப் பிரித்துவிடுவதும் அவர்கள் வேலைதான். சத்தம், சூடு, எண்ணெய் வாடை, நின்றே கழியும் எட்டு மணி நேரம். பிடிபட்ட செய்தியில் என்ன இருந்தது என்று அவர்களுக்குச் சொல்லப்படாது. 1944-இல் கொலோசஸ் வந்தது. உலகின் முதல் பெரிய மின்னணுக் கணிப்பொறிகளில் ஒன்றான அதையும் ரென்ஸ் பெண்களே இயக்கினார்கள். கணினித் துறைக்குப் போக நினைக்கும் நம் பெண்பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

இயந்திரம் இல்லாமல், காகிதமும் பென்சிலுமாக உடைத்தவர்களும் உண்டு. மேவிஸ் லீவர் 1940-இல் அங்கே வந்தபோது 19 வயது, ஜெர்மன் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த மாணவி. டில்லி நாக்ஸ் என்ற முதுபெரும் சங்கேத நிபுணரின் குழுவில் சேர்ந்தார். ஒரு நாள் கைக்கு வந்த நீண்ட இத்தாலியச் செய்தியில் 'எல்' என்ற எழுத்து ஓரிடத்திலும் வரவில்லை என்பதைக் கவனித்தார். இத்தாலியரும் பயன்படுத்திய எனிக்மாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. எந்த எழுத்தை அழுத்தினாலும் அது வேறு எழுத்தாகத்தான் மாறுமே தவிர, அதே எழுத்தாக வெளிவராது. அப்படியென்றால்? சோதனைக்காக ஏதாவது அனுப்பு என்று சொன்னதற்கு, எதிர்முனையில் இருந்தவன் யோசிக்கச் சோம்பல்பட்டு 'எல்' சாவியையே கடைசி வரை தட்டியிருக்கிறான். அந்த ஒரு கவனிப்பு இயந்திரத்தின் உள் இணைப்பைக் கண்டுபிடிக்க வழி திறந்தது.

1941 மார்ச்சில் இதே குழு இத்தாலியக் கடற்படையின் தாக்குதல் நாள் குறித்த செய்தியை உடைத்தது. அதைத் தொடர்ந்து கிரேக்க நாட்டின் மத்தபான் முனைக்கு அருகே நடந்த சண்டையில் இத்தாலி மூன்று கனரகக் குரூசர்களையும் இரண்டு நாசகாரிக் கப்பல்களையும் இழந்தது. 2,300 பேர் அளவில் இறந்தார்கள். மேவிஸுக்கு அப்போதும் 19 வயதுதான். இந்த இறப்புகளையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. மேசை வேலை என்பதால் அதில் ரத்தம் இல்லை என்று ஆகிவிடாது.

ஜோன் கிளார்க் கதை வேறு மாதிரி. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், ஜெர்மானிய நீர்மூழ்கிகளின் சங்கேதத்தை உடைத்த எட்டாம் கொட்டகையில் முதல் வரிசை மூளை. பெண் என்பதால் அவருக்கு ஏற்ற பதவி உயர்வுக்கு வழியில்லை. சம்பளத்தை உயர்த்துவதற்காக மொழியியலாளர் என்ற பதவியில் காட்டினார்கள். அவருக்கோ வேற்றுமொழி எதுவும் தெரியாது. 1944-இல் அந்தக் கொட்டகைக்கே துணைத் தலைவரானார்.

போர் முடிந்தும் வாய் திறக்கக் கூடாது. 1970-களின் நடுப்பகுதி வரை இந்த ரகசியம் காக்கப்பட்டது. தங்கள் மகள் ஏதோ எழுத்தர் வேலை பார்த்தாள் என்று நினைத்தபடியே பல பெற்றோர் காலமாகிவிட்டார்கள். உடலுக்குப் பாதுகாப்பு, போரில் பெரிய பலன், ஆனால் முப்பது ஆண்டு மௌனம்: பிளெட்ச்லி தந்ததும் வாங்கிக்கொண்டதும் இவைதான்.

சரி, சிங்கப்பூர் இதில் எங்கே வருகிறது? 1939 ஆகஸ்டில் பிரிட்டனின் தூரகிழக்கு ஒருங்கிணைந்த உளவுப் பிரிவு ஹாங்காங்கிலிருந்து இங்கே மாறி வந்தது. ஜப்பானியக் கடற்படையின் வானொலிச் செய்திகளைப் பிடிப்பது அதன் முக்கிய வேலை, கேட்கும் நிலையம் கிராஞ்சியில். 1941 தொடக்கத்தில் இருபது பேர் அடங்கிய ரென்ஸ் குழு ஒன்று அங்கே வேலை பார்க்க வந்து இறங்கியது. கடல் கடந்து அனுப்பப்பட்ட முதல் ரென்ஸ் குழுக்களில் ஒன்று அது. அழைத்து வந்தவர் பெட்டி ஆர்ச்டேல். 1934–35-இல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று முதல் பெண்கள் டெஸ்ட் தொடரை ஆடிய இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் தலைவி அவர்.

இந்தப் பெண்கள் செய்தது என்ன? ஜப்பானியர் ரோமன் எழுத்துகளில் மோர்ஸ் அனுப்புவதில்லை. கானா எனப்படும் அவர்களுடைய எழுத்துகளுக்கென்றே தனி மோர்ஸ், அதில் குறிகளும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதைப் புதிதாகக் கற்றுக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவே மெல்லிய ஒலியைப் பிடித்து, பிழையில்லாமல் எழுதித் தர வேண்டும். ஒரு குறி தவறினால் சங்கேதம் உடைக்கிறவரின் வேலை பாழ்.

1942 ஜனவரியில், சிங்கப்பூர் விழுவதற்குச் சில வாரங்களே இருக்கும்போது, உளவுப் பிரிவு கொழும்புக்குக் கிளம்பியது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அந்தத் தாக்குதல் வருகிறது என்பதை அங்கிருந்த சங்கேதக் குழு முன்பே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. துறைமுகத்திலிருந்த பல கப்பல்கள் வெளியேறித் தப்பின. பிறகு குழு கிழக்கு ஆப்பிரிக்காவில் மொம்பாசாவுக்கு அருகே கிலிண்டினிக்குப் போய், அலிதினா விஸ்ராம் என்ற இந்தியர் பள்ளிக்கூடத்தில் வேலையைத் தொடர்ந்தது. 1943-இல் மறுபடி கொழும்பு. பிளெட்ச்லியின் பாம்ப் இயந்திரத்தை இயக்கிய ஜீன் வாலன்டைன் பின்னால் கொழும்புக்கு வந்து ஜப்பானிய வானிலைச் சங்கேதத்தை உடைத்தார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரகசியம் தெரிந்தவர்களை முன்கூட்டியே கப்பலேற்றிவிட்டார்கள். மருத்துவமனைகளில் இருந்த தாதியர்களுக்கு அந்த வாய்ப்பு பிப்ரவரி இரண்டாம் வாரம்தான் வந்தது. அப்படிக் கிளம்பிய கப்பல் மூழ்கி, பாங்கா தீவில் கரையேறிய ஆஸ்திரேலியத் தாதியர்களில் 21 பேரை 1942 பிப்ரவரி 16 அன்று ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். உளவுப் பணியில் இருந்ததுதான் கிராஞ்சிப் பெண்களுக்குக் காவலாக அமைந்தது. அடுத்துச் சொல்லப்போகும் பெண்ணுக்கு அதுவே எமனாயிற்று.

தோல்பெட்டியோடு ஒருத்தி

நூர் 1914 ஜனவரி 1 அன்று மாஸ்கோவில் பிறந்தவர். தந்தை இனாயத் கான், பரோடாவிலிருந்து மேற்கே சென்ற சூஃபி இசைக்கலைஞர், திப்பு சுல்தான் வழிவந்த குடும்பம். தாய் அமெரிக்கர். பாரிஸ் புறநகரில் வளர்ந்த நூர் குழந்தைகளுக்குக் கதை எழுதினார். புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளை அவர் திரும்பச் சொன்ன புத்தகம் 1939-இல் வந்தது. 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்று, விமானப்படையின் பெண்கள் துணைப்பிரிவில் வயர்லெஸ் பழகினார்.

சரளமான பிரெஞ்சும் வயர்லெஸும் சேர்ந்த ஆளை எஸ்ஓஈ என்ற பிரிட்டிஷ் ரகசிய அமைப்பு விடுமா? 1940 ஜூலையில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு எதிரி பிடித்த நாடுகளுக்குள் ஆட்களை இறக்கி நாசவேலைக்கும் எதிர்ப்புக்கும் ஏற்பாடு செய்தது. அதன் பிரெஞ்சுப் பிரிவு 39 பெண்களை அனுப்பியது, 13 பேர் உயிரோடு திரும்பவில்லை. சேர்க்கும்போதே, திரும்பி வருவது பாதிக்குப் பாதிதான் என்று சொல்லிவிடுவார்கள். முதல் கேள்வியில் பிளெட்ச்லியைவிட இவர்கள் நேர்மையானவர்கள் என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

1943 ஜூன் 16 இரவு நூர் சிறு விமானத்தில் பிரான்சில் இறங்கினார். அங்கே அனுப்பப்பட்ட முதல் பெண் வயர்லெஸ் இயக்குநர் அவர். சில நாட்களிலேயே அவர் சேர்ந்த குழு ஒட்டுமொத்தமாகப் பிடிபடத் தொடங்கியது. லண்டன் திரும்பி வரச் சொன்னது, அவர் மறுத்தார். பாரிஸில் தொடர்புக்கு மிஞ்சியிருந்தது கிட்டத்தட்ட அவர் மட்டும்தான். 15 கிலோ அளவு எடையுள்ள கருவியைத் தோல்பெட்டியில் வைத்துக்கொண்டு வீடு மாற்றி வீடு மாற்றி அனுப்பினார். ஒரே இடத்தில் கூடுதல் நேரம் அனுப்பினால் திசை காணும் வண்டிகள் வாசலுக்கு வந்துவிடும். வயர்லெஸ் இயக்குநர் ஒருவர் சராசரியாக ஆறு வாரம் தாக்குப்பிடிப்பார் என்று கணக்கு வைத்திருந்த காலத்தில் நூர் அக்டோபர் வரை நின்றார். பிறகு காட்டிக்கொடுக்கப்பட்டார்.

பிடிபட்ட பிறகு தப்பிக்க முயன்றார், முடியவில்லை. ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் மாதக்கணக்கில் சங்கிலியில் கிடந்தார். 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் வதைமுகாமில் இன்னும் மூன்று பெண்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எதையும் சொல்லவில்லை என்று பாரிஸில் அவரை விசாரித்த பிரிவின் தலைவரே போருக்குப் பின் வாக்குமூலம் தந்தார். 1949-இல் பிரிட்டன் ஜார்ஜ் கிராஸ் விருதை அளித்தது.

இவ்வளவும் பிள்ளைகள் மேடையில் சொல்கிறார்கள், அரங்கம் கைதட்டுகிறது. யாரும் சொல்லாத பகுதிதான் என்னை உறுத்துகிறது. நூரின் பயிற்சி முழுமையாக முடியவில்லை. களத்துக்கு இவர் ஏற்றவரா என்று பயிற்சியாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. ஆள் பற்றாக்குறை என்பதால் அனுப்பிவிட்டார்கள். அனுப்பிய செய்திகளையெல்லாம் அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார், அதுவும் கருவியோடு சிக்கியது. அதை வைத்து ஜெர்மானியர்கள் நூர் அனுப்புவதுபோலவே லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். சந்தேகப்பட இடமிருந்தும் லண்டன் நம்பியது. 1944 பிப்ரவரி இறுதியில் அந்தப் போலித் தொடர்பின் வழியாக ஏற்பாடான இடத்தில் மூன்று பேரை பாராசூட்டில் இறக்கினார்கள், கீழே ஜெர்மானியர் காத்திருந்தார்கள். அந்த மூவரில் ஒருவர் மதலேன் தமர்மான். டாஹாவில் நூரோடு கொல்லப்பட்ட மூவரிலும் அவர் ஒருவர்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஆபத்தை முன்னாலேயே சொல்லிவிட்டோம் என்பது நேர்மைதான். ஆனால் எதிரி என்ன செய்வான் என்று மட்டும் சொன்னார்கள். தங்கள் பக்கம் யாராவது அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்று அவளிடம் யார் சொன்னது? லண்டனில் ஒரு மேசையில் காதும் கண்ணும் திறந்து வைத்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் அவை.

அந்த அமைப்பிலேயே சரியாக வேலை பார்த்த மேசைகளும் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கிரெண்டன் நிலையத்தில் இளம்பெண்கள் களத்திலிருந்து வரும் செய்திகளைப் பிரித்தெடுத்தார்கள். சிதைந்து வரும் செய்தியை மறுபடி அனுப்பு என்று கேட்பது எளிது. ஆனால் மறுபடி அனுப்பும் நேரத்தில் அங்கே இருப்பவர் பிடிபடலாம். அதனால் ஆயிரக்கணக்கான வழிகளில் முயன்று, இருப்பதை வைத்தே உடைத்தார்கள்.

நம் வீட்டுப் பெண்கள்

நூர் பிரான்சில் இறங்கி மூன்று வாரம்கூட ஆகாத நேரத்தில், 1943 ஜூலை 2 அன்று, சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். நூர் பிறந்த அதே 1914-இல் சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் 1940 முதல் இங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதமே அவர் பெண்கள் படைக்குப் பொறுப்பேற்றார். ஒருத்தி பிரிட்டனுக்காக, ஒருத்தி பிரிட்டனை எதிர்த்து. அதேவேளை, போர் முடிந்ததும் இந்தியாவின் விடுதலைக்குத் துணை நிற்பேன் என்று விமானப்படைத் தேர்வுக் குழுவிடமே சொன்னவர் நூர். இரண்டு பேரையும் எதிரிகள் என்று சுலபமாகப் பிரித்துவிட முடியாது.

அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ராணிப் படையின் முகாம் திறந்தது. வந்தவர்களில் பெரும்பகுதி மலாயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்கும் தலைகுனிந்த வாழ்க்கை ஒரு பக்கம், ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தோட்டத் தமிழர் கொண்டுபோகப்பட்ட காலம் மறுபக்கம். அங்கிருந்து வந்த பெண் கையில் துப்பாக்கி கொடுத்து, சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார வைத்தார்கள். அணிவகுப்பு, துப்பாக்கிச் சூடு, நிலப்படம் படிப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் பழக்கினார்கள். படித்த குடும்பத்துப் பெண்களும் வந்தார்கள். ஜானகி தேவர், ரசம்மா நவரத்தினம் (பின்னாளில் ரசம்மா பூபாலன்) இருவருமே பதின்ம வயதில் சேர்ந்து, பின்னர் மலேசியாவின் பொதுவாழ்வில் பேர் பெற்றவர்கள்.

முதல் கேள்விக்கு இந்தப் படை தரும் பதில் மூன்றிலும் தெளிவானது. எதற்காகச் சேர்கிறோம் என்பது மேடையில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது, பெற்றோர் சம்மதம் கேட்கப்பட்டது. பிறருடைய பேரரசுக்காக இல்லை, தங்களுடையது என்று அவர்கள் நம்பிய நாட்டுக்காக. அந்த இடத்தில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் உளவு? இங்கேதான் நான் பிள்ளைகளிடம் கண்டிப்பாக இருக்கிறேன். ராணிப் படை போர்வீராங்கனைகளாகவும் தாதிகளாகவும் பயிற்சி பெற்ற படை. இந்திய தேசிய ராணுவத்தில் உளவுக்கும் ஊடுருவலுக்கும் பகதூர் குழு போன்ற தனிப் பிரிவுகள் இருந்தன, அவற்றில் இருந்தது ஆண்கள். பினாங்கில் பயிற்சி பெற்று, நீர்மூழ்கியில் மலபார்க் கரைக்குப் போய்ப் பிடிபட்ட வக்கம் அப்துல் காதர் போன்றவர்கள் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ராணிகளின் பங்கு வேறு: பர்மாவின் மேமியோ மருத்துவமனையில் காயம்பட்டவர்களைக் கவனித்தது, 1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூனிலிருந்து குண்டு மழைக்கிடையே பாங்காக் நோக்கிப் பின்வாங்கியது.

ரங்கூனில் பிறந்த சரஸ்வதி ராஜாமணி பதினாறு வயதில் ஆண் வேடமிட்டு பிரிட்டிஷ் முகாமுக்குள் ஒற்று வேலை பார்த்தார் என்பது இணையத்தில் அதிகம் பகிரப்படும் கதை. 2018-இல் சென்னையில் காலமான அவரே பேட்டிகளில் சொன்னது இது. காலில் குண்டு பாய்ந்ததும் அதில் வரும். பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பின்வாங்கும்போது இந்திய தேசிய ராணுவத்தின் ஆவணங்கள் ஏராளமாக அழிந்தன, ஆதாரம் கிடைக்காததால் நடக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் அந்தக் கதை பெரும்பாலும் அவர் வாய்மொழியை மட்டுமே நம்பி நிற்கிறது. மேவிஸ் லீவருக்கும் நூருக்கும் இருக்கிற மாதிரி எதிர்த்தரப்பு ஆவணமோ விசாரணை அறிக்கையோ துணைக்கு இல்லை.

உயர்நிலை மூன்று படிக்கும் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "அக்கா, இவங்க நம்ம ஆளுங்க. அதனாலயே எடுத்துக்கக் கூடாதா?" எடுத்துக்கொள்ளம்மா, தாராளமாக எடுத்துக்கொள் என்றேன். அவர் இப்படிச் சொன்னார் என்று சொல், இப்படி நடந்தது என்று சொல்லாதே. தோட்டத்திலிருந்து வந்த பெண் துப்பாக்கி பிடிக்கப் பழகினாள் என்பதே மலைப்பான உண்மை, அதற்கு மேல் ஒற்றர் வேடம் எதற்கு?

உளவாளி என்ற சந்தேகம் மட்டுமே என்ன செய்யும் என்பதற்கும் நம் ஊரில் சாட்சி உண்டு. 1943 செப்டம்பரில் வெளியிலிருந்து வந்த நேசநாட்டுப் படையினர் நம் துறைமுகத்தில் கப்பல்களைத் தகர்த்தார்கள். உள்ளே யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்த ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்த்தாய், அக்டோபர் 10 முதல் 57 பேரைப் பிடித்து வதைத்தது. 15 பேர் இறந்தார்கள். கைதிகளுக்கு உணவும் வானொலிப் பாகங்களும் சேர்க்க உதவிய எலிசபெத் சோய் ஏறத்தாழ 200 நாட்கள் அடைக்கப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். அந்தத் தாக்குதலுக்கும் இவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எதை எடுக்கலாம்?

போரின் போக்கை மாற்றியதில், எதிரியின் செய்திகளை ஒட்டுக்கேட்டு உடைத்த பிளெட்ச்லி, கிராஞ்சிப் பெண்களுக்கே முதலிடம், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தனிமனிதத் துணிச்சலில் நூரைத் தாண்ட ஆளில்லை. ஏன், யாருக்காக என்ற தெளிவில் ராணிப் படை. ஆதாரத்தில் மறுபடி பிளெட்ச்லி, அடுத்து நூர்.

பிறகு ஏன் ஒட்டுக்கேட்ட பெண்களிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்? வானொலியும் சங்கேதமும் எப்படி வேலை செய்கின்றன என்று புரிந்த பிள்ளைக்குத்தான் நூரின் முடிவு முழுதாகப் புரியும். இல்லாவிட்டால் அது வீரமரணம் என்ற ஒற்றை வார்த்தையில் நின்றுவிடும். யாருடைய கவனக்குறைவால் என்ற கேள்வியே எழாது. ராணிப் படைக்கும் அதுவே. அவர்கள் பர்மாவில் இருந்த மாதங்களில் ஜப்பானியச் செய்திகளை டில்லியின் ஆனந்த் பர்பத்தில் இருந்த நிலையம் கேட்டுக்கொண்டிருந்தது, அங்கே இந்தியப் படையின் பெண்கள் துணைப்பிரிவினரும் வேலை பார்த்தார்கள். எதிரெதிர் அணியில் நம் பெண்கள் இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரியவரும்.

கிராஞ்சியை எடுப்பதில் ஒரு குறையும் இருக்கிறது. அந்த ரென்ஸ் குழுவில் வந்தவர்கள் அனைவரும் பிரிட்டிஷ் பெண்கள், நம் முகம் அங்கே இல்லை. மேடையில் பேசும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது ஒரு தூரம்தான். ஆனாலும் அவள் தினமும் ரயிலில் கடக்கும் கிராஞ்சியில் தன் வயதை ஒட்டியவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள அந்தத் தூரம் தடையில்லை என்றே நினைக்கிறேன்.

நாடகம் போடுகிறவர்கள் நூரை எடுக்கலாம், லண்டன் மேசையையும் ஒரு காட்சியாக வைத்தால். கணக்கும் கணினியும் பிடித்தவர்கள் மேவிஸின் 'எல்' எழுத்திலிருந்து தொடங்கலாம். தாளில் ஒரு சின்ன எனிக்மா செய்து காட்டினால் வகுப்பே உட்கார்ந்து கேட்கும். மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் ராணிப் படையை எடுப்பதைத் தடுக்க மாட்டேன். அவர்கள் கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்தையும், எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவ நினைவிடம் இருந்த இடத்தைக் குறிக்கும் பலகையையும் பார்த்துவிட்டு எழுதட்டும். 1979-இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையத்தின் ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலப் பதிவுகளில் தமிழில் பேசியவையும் உள்ளன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். பேசுகிறவர் தன் கண்ணால் கண்டதை எங்கே சொல்கிறார், கேள்விப்பட்டதை எங்கே சொல்கிறார் என்று இரண்டு பத்தியாகக் குறித்துக்கொண்டே கேட்கச் சொல்லுங்கள்.